ஊர் மாறினால் உறவு மாறுமா?

ஆணொருவனும் பெண்ணொருத்தியும் மனமொப்பி மணந்துகொள்கிறார்கள். ஆற்றின் இக்கரையில் நிற்கும்போது அவர்கள் கணவன் மனைவி. பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்ததும் அவர்கள் குற்றவாளிகள்! இக்கரையில் அவர்கள் பெற்ற குழந்தை குலக்கொழுந்து. அக்கரையில் அதே குழந்தை முறைதவறிப் பிறந்தது. ஆற்றைக் கடந்ததால் அவர்தம் உடலில் ஓடும் இரத்தம் மாறிவிட்டதா? உள்ளத்தில் ஊறிய அன்பு வற்றிவிட்டதா? இல்லை. மாறியது எல்லைக்கோடு ஒன்றே!

கற்பனைக் கதையோ என்று ஐயுறவேண்டாம், தோழர்களே! ஆறு, பொடோமாக். இக்கரை, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். அக்கரை, வர்ஜீனியா மாநிலம். ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர்’ என்று உலகுக்கு எடுத்தோதிய ஜெஃபர்சன் பிறந்த மண்! அந்த மண்ணில்தான் 1967ஆம் ஆண்டு வரையில் இந்த நிலை சட்டமாக இருந்தது.

நிறத்தால் வேறுபட்ட இருவர் கூடி அமைத்த குடும்பம், ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்தில் குடியேறுவதென்றால், அது பெட்டி படுக்கையைக் கட்டி வண்டியில் ஏற்றும் வேலை மட்டுமன்று. போகிற இடத்தில் நம்மை மனிதராக மதிப்பார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக் கட்டிச் சுமக்கவேண்டியிருக்கிறது. அத்தகைய குடும்பத்தைப் பார்த்து நல்லவர்களே பலர் சொல்லும் சொல் ஒன்று உண்டு: “இங்கே எதற்கு வீண் தொல்லை? வேறெங்காவது போய் நன்றாக இருங்கள்!” கேட்பதற்குக் கனிவாகத்தான் இருக்கிறது. இது அறிவுரையா, தண்டனையா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

சட்டத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. 1691ஆம் ஆண்டு. வர்ஜீனியா அப்போது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அவ்வாண்டு அங்குள்ள மன்றம் சட்டமொன்று இயற்றியது. வெள்ளையர் ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், கறுப்பரையோ, கலப்பினத்தவரையோ, செவ்விந்தியரையோ மணந்தால், மணம் முடிந்த மூன்று திங்களுக்குள் அந்த வெள்ளையர் நாட்டைவிட்டு என்றென்றைக்கும் வெளியேற்றப்படவேண்டும் என்பது அதன் விதி. ‘வேறெங்காவது போ’ என்பது தொடக்கத்தில் நண்பரின் யோசனையாக இருக்கவில்லை. நாடு கடத்தும் ஆணையாகவே பிறந்தது!

ஆண்டுகள் நூற்றெண்பத்தேழு உருண்டன. அடிமை முறையை ஒழிக்க ஒரு பெரும்போரே நடந்து முடிந்தது. ஆண்ட்ரூ கின்னி என்ற கறுப்பரும் மஹாலா மில்லர் என்ற வெள்ளை மாதும் 1874இல் வாஷிங்டன் சென்று முறைப்படி மணந்துகொண்டு, வர்ஜீனியாவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பினர். வழக்குத் தொடுத்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு டாலர் அபராதம்! மேல்முறையீட்டை 1878இல் விசாரித்த வர்ஜீனியாவின் உயர்ந்த மன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதோடு நில்லாமல், கணவன் மனைவியாக வாழ விரும்பினால் இத்தகைய மணத்தை ஏற்கும் வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ குடிபெயர்ந்து செல்லட்டும் என்றும் கூறிற்று. பாருங்கள் நயத்தை! 1691இன் துரத்தும் கை, 1878இல் வழிகாட்டும் விரலாக வேடம் புனைந்துகொண்டது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சட்டம் என்றால், குடிபெயரும் குடும்பத்தின் கதி யாது? மிசிசிப்பியில் மணந்து டென்னஸியில் குடியேறிய இணையின் மணம் செல்லாது என்றது 1872இல் டென்னஸி மன்றம். தென் கரோலினாவில் மணந்து வட கரோலினாவில் குடியேறிய இணையின் மணம் செல்லும் என்றது 1877இல் வட கரோலினா மன்றம். ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே அரசியல் சட்டம்! ஆனால் மணம் செல்லுமா செல்லாதா என்பதை, மாடு விற்கும் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதுபோல, அந்தந்த இடத்து நீதிபதி பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

இந்த நீண்ட வரலாற்றுக்கு முடிவு கட்டியவர்கள் தலைவர்களல்லர், தத்துவ மேதைகளுமல்லர். ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும்! ரிச்சர்ட் லவ்விங், வெள்ளையர். மில்ட்ரெட், கறுப்பர் மரபும் செவ்விந்தியர் மரபும் கலந்த குடும்பத்துப் பெண். வர்ஜீனியாவின் கரோலின் மாவட்டத்தில் சென்ட்ரல் பாயின்ட் என்னும் சிற்றூர் அவர்களுடையது. 1958 ஜூன் 2ஆம் நாள் வாஷிங்டன் சென்று மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஐந்து வாரந்தான் ஆயிற்று. ஜூலையில் ஒரு நள்ளிரவு, ஷெரிப்பும் அவருடைய ஆட்களும் படுக்கையறைக்குள் புகுந்து விளக்கடித்து எழுப்பினார்கள். சுவரில் மாட்டியிருந்த மணச் சான்றிதழைக் காட்டினார்கள் தம்பதிகள். அது இங்கே செல்லாது என்றார் ஷெரிப். ரிச்சர்டுக்கு ஓரிரவுச் சிறை. கருவுற்றிருந்த மில்ட்ரெடுக்கு மேலும் பல நாள்! பதினெட்டு வயதுப் பெண், வயிற்றிலே குழந்தை, சிறையிலே வாசம். செய்த குற்றம், கணவன் அருகில் உறங்கியது!

1959 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஓராண்டுச் சிறை. ஆனால் இருவரும் உடனே மாநிலத்தைவிட்டு வெளியேறி, இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சேர்ந்து திரும்பாதிருந்தால் அத்தண்டனை நிறுத்திவைக்கப்படும். ‘சேர்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தனித்தனியே வரலாம்! மகன் தாயைப் பார்க்க வரலாம், மகள் தந்தையைப் பார்க்க வரலாம். கணவனும் மனைவியுமாக மட்டும் வரக்கூடாது. 1691க்கும் 1959க்கும் இடையே இருநூற்று அறுபத்தெட்டு ஆண்டுகள். மூன்று திங்கள் தவணை மட்டும் மறைந்தது. வெளியேறு என்ற ஆணை மாறவில்லை.

அவர்கள் வாஷிங்டனில் குடியேறினார்கள். நூறு மைல்கூட இல்லை. அங்கே அவர்கள் மணம் செல்லும். யாரும் கதவை உடைக்கமாட்டார்கள். ‘வேறெங்காவது போய் நன்றாக இருங்கள்’ என்று சொல்பவர்கள் வேறென்ன கேட்கிறார்கள்? எல்லாம் கிடைத்துவிட்டதே! ஆனால் வயல்வெளியில் ஓடி விளையாடி வளர்ந்த மில்ட்ரெடுக்கு நகரத்துச் சந்து சிறைக்கூடமாகவே இருந்தது. மூன்று குழந்தைகள். புல்தரையின்றித் தெருவில் விளையாடிய மகன்மீது கார் மோதியது. உயிர் பிழைத்தான். பெற்றவள் மனம் அதற்குமேல் பொறுக்கவில்லை. 1963இல், அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்துக்கு வழி காட்டப்பட்டது. பெர்னார்ட் கோஹன், பிலிப் ஹிர்ஷ்காப் என்ற இளம் வழக்கறிஞர் இருவர் வழக்கை ஏற்றனர்.

அவர் புரட்சிக்காரர் அல்லர். ஊருக்குத் திரும்பவேண்டும், அவ்வளவே கேட்டார். பாதுகாப்பாக ஓரிடத்தில் வாழ்வது உரிமையில் ஒரு பாதிதான். பிறந்த இடத்தில், உற்றார் நடுவில், ஒளியாமல் வாழ்வது மறு பாதி. முதற்பாதியைக் கொடுத்து மறு பாதியைப் பறித்துக்கொள்பவன், பசித்தவனுக்குப் பக்கத்து ஊர்ச் சத்திரத்தைக் காட்டிவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவனைப் போன்றவன்.

1965இல் அவர்களது விண்ணப்பத்தைத் தள்ளிய நீதிபதி லியோன் பசீல் எழுதிய காரணத்தைப் பகுத்தறிவாளர் எவரும் படித்து மகிழலாம். ஆண்டவன் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்து, அவற்றைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தானாம். பிரித்து வைத்ததே கலக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாம்! நன்று, நன்று! அவ்வாறாயின் ஐயா, சிவப்பு இனத்தவருக்கென ஆண்டவன் ஒதுக்கிய கண்டத்தில் வெள்ளை இனத்தவராகிய தாங்கள் நீதிபதி நாற்காலி போட்டு அமர்ந்திருப்பது எந்த ஆண்டவன் அனுமதியால்? கறுப்பரைக் கப்பலில் சங்கிலியிட்டுக் கொண்டுவந்தபோது கண்ட எல்லை நினைவுக்கு வரவில்லையோ? உழைப்பை உறிஞ்சுவதற்குக் கடல் குறுக்கே நிற்கவில்லை. அன்பு செலுத்துவதற்கு மட்டும் கடல் ஆண்டவன் இட்ட வேலியாகிவிட்டது!

இங்கே நம் நாட்டவர் சம்பந்தப்பட்ட செய்தியொன்றையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1931இல் அரிசோனா மாநிலம், வெள்ளையர் மணக்கக்கூடாதவர் பட்டியலில் ‘இந்துக்கள்’ என்போரையும் சேர்த்தது. இந்தியாவிலிருந்து சென்ற அனைவரும் அந்நாட்டாருக்கு இந்துக்களே. சீக்கியரும் முஸ்லிமும் அதற்குள் அடக்கம். மதம் இரத்தத்தில் ஓடுகிறது என்று நம் வைதீகர்கூட இவ்வளவு துணிந்து சட்டம் எழுதியதில்லை! கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுது பிழைத்த பஞ்சாபியர் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தனர். மண உரிமச் சீட்டுத் தர ஓர் அலுவலகம் மறுத்தால், வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ பயணம் செய்து மணந்து வந்தார்கள்.

அதே பஞ்சாபிலிருந்து சென்ற பகத் சிங் திந்த், அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க மரபினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று சட்டம் இருந்த காலம். அந்த அநீதியை அவர் எதிர்த்தாரா? இல்லை. தாம் உயர்ந்த சாதி, ஆரிய இரத்தம், ஆகவே தாமும் வெள்ளையரே என்று வாதாடினார். மண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எவ்வாறு ஒதுக்குகிறார்களோ, அவ்வாறே உயர்சாதியார் தம் நாட்டுப் பழங்குடியை ஒதுக்குகிறார்கள் என்பதையும் அவர் தரப்பு ஒரு சான்றாகவே எடுத்து வைத்தது! தீண்டாமையை நற்சான்றிதழாக நீட்டிய விந்தையை என்னென்பது! 1923இல் மன்றம், சாதாரண மக்கள் வெள்ளையர் என்று யாரைக் கருதுகிறார்களோ அவரே வெள்ளையர் என்று கூறி அவரைத் தள்ளிவிட்டது. சுவரை இடிக்காமல், சுவருக்கு உட்புறம் தனக்கொரு மூலை கேட்டவருக்குக் கிடைத்த பரிசு அது.

லவ்விங் தம்பதிகள் மூலை கேட்கவில்லை. 1967 ஜூன் 12ஆம் நாள், தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கினர். அன்றைக்குப் பதினாறு மாநிலங்களில் அச்சட்டங்கள் உயிரோடிருந்தன. ஒரே நாளில் பதினாறும் சாய்ந்தன.

சட்டம் சாய்ந்ததும் எல்லைக்கோடும் அழிந்துவிட்டதா? இல்லை. ‘இனத்தூய்மை’ என்று வெளிப்படையாகப் பேச வெட்கப்பட்டவர்கள், ‘பாவம், குழந்தைகள்!’ என்று பேசத் தொடங்கினார்கள். 2009இல் லூசியானாவில், மணம் முடித்துவைக்கும் அதிகாரம் பெற்ற உள்ளூர் நீதிபதி ஒருவர், கறுப்பரும் வெள்ளையருமான ஓர் இணைக்கு மறுத்துவிட்டார். பிறக்கப்போகும் பிள்ளைகள்மீது கொண்ட கவலையாம்! எதிர்ப்பு எழுந்தது, பதவி துறந்தார். பிள்ளைகள் பிறக்காமலிருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது என்னும் பேருபகாரி!

இதனினும் கொடியது ஃபுளோரிடாவில் நிகழ்ந்தது. மணவிலக்குப் பெற்ற வெள்ளைத் தாயிடம் சிறுமி வளர்ந்து வந்தாள். தாய் கறுப்பர் ஒருவரை மறுமணம் செய்தார். பள்ளி செல்லும் வயதில் அக்குழந்தை ஏளனத்துக்கு ஆளாகும் என்று சொல்லி, நீதிமன்றம் அவளைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் கொடுத்தது. தாயின் வளர்ப்பில் குறை காணவில்லை. ஊர் பழிக்கும் என்பதே காரணம்! 1984இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பைத் தள்ளிற்று. தனிமனிதர் நெஞ்சிலுள்ள வெறுப்பைச் சட்டத்தால் எட்டமுடியாமல் இருக்கலாம். ஆனால் அந்த வெறுப்புக்குச் சட்டம் கை கொடுக்கக்கூடாது என்பது அதன் கருத்து. தாய் வென்றாள். ஆனால் குழந்தை? தந்தை அதற்குள் சிறுமியுடன் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிவிட்டார். இனி வழக்கு டெக்சாஸ் மன்றத்துக்குரியது என்று ஃபுளோரிடா கைகழுவியது. குழந்தை திரும்பவில்லை. எல்லைக்கோடு மீண்டும் வேலை செய்தது. இம்முறை இனத்தின் பெயர் சொல்லாமலே!

இன்று நிலை பெரிதும் திருந்தியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கறுப்பர் வெள்ளையர் மணத்தை ஏற்பவர் 1958இல் நூற்றுக்கு நால்வர். 2021இல் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் என்று காலப் நிறுவனம் கணக்கிட்டது. புதிதாக மணந்தவர்களில் இனமோ மரபோ வேறுபட்டவரை மணந்தவர் 1967இல் நூற்றுக்கு மூவர். 2015இல் பதினேழு பேர் என்கிறது பியூ ஆய்வு நிறுவனம். 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், ஒரு மாநிலத்தில் சட்டப்படி நடந்த மணத்தை இனத்தைக் காரணங்காட்டி மற்றொரு மாநிலம் மறுக்கலாகாது என்றும் கூறிவிட்டது. ஆயினும் அந்தப் பதினேழைப் பிரித்துப் பாருங்கள். ஹவாயின் ஹொனலுலுவில் நாற்பத்திரண்டு. மிசிசிப்பியின் ஜாக்சனில் மூன்று! ஹவாயில் இத்தகைய தடைச் சட்டம் என்றுமே இருந்ததில்லை. ஜாக்சனில் இருந்தது. அலபாமா தன் மாநில அரசியல் சட்டத்திலிருந்து அந்தச் செத்த விதியை நீக்க 2000ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தியபோது, நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் ‘நீக்கவேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். செத்த பிணத்தைப் புதைக்கவும் மனமில்லாதவர்கள்! வர்ஜீனியாவோ, மண உரிமச் சீட்டுக்கு இனத்தைக் குறிப்பிடும்படி 2019 வரை கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாவட்ட அலுவலகம் வைத்திருந்த இருநூற்றுக்கு மேற்பட்ட இனங்களின் பட்டியலில் ‘ஆரியர்’ என்பதும் ஒன்றாம்! திந்த் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆகவேதான் இன்றும் அத்தகைய குடும்பம், புதிய மாநிலத்தில் வேலை கிடைத்தது என்று கேட்டதும், மகிழுமுன் கணக்குப் போடுகிறது. வாடகை எவ்வளவு என்பது பிறர் கேட்கும் கேள்வி. வகுப்பறையில் நம் மகள் ஒருத்திதான் இந்த நிறத்தவளாக இருப்பாளோ என்பது இவர்கள் கேட்கும் கேள்வி. தந்தையும் மகளும் கடைத்தெருவில் கைகோத்து நடந்தால், ‘யார் பெற்ற பிள்ளை இது?’ என்ற பார்வை எத்தனை கண்களில் எழும்? இக்கணக்கைப் போட்டு, ‘அந்த ஊர் வேண்டாம்’ என்று முடிவு செய்யும் பெற்றோரைக் கோழைகள் என்று பழிக்கும் வீரர்கள் சிலர் உண்டு. நாம் அவ்வாறு பழிக்கமாட்டோம். கொள்கைக்காகத் தன் உயிரைக் கொடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. தன் ஐந்து வயதுக் குழந்தையின் பள்ளிக்கூட நாள்களைக் கொடு என்று அவனிடம் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. சமுதாயத்தைத் திருத்தும் கடமையைப் புதிதாக வந்திறங்கும் குடும்பத்தின் தலையில் சுமத்திவிட்டு, ஏற்கெனவே அங்கே வேரூன்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? போகிறவர்களிடம் ‘ஏன் போகிறாய்?’ என்று கேட்பதற்கு முன்னால், இருக்கிறவர்களிடம் ‘ஏன் போகவிட்டாய்?’ என்று கேட்கவேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்களும் இந்தச் சொல்லை அறியாதவர்களா? சாதி கடந்து மணந்த பிள்ளைகளிடம், “எங்கேனும் கண்காணாத இடத்தில் பிழைத்துப் போங்கள்” என்று கூறித் தம்மைப் பெருந்தன்மையாளர் என எண்ணிக்கொள்வோர் இல்லாத மாவட்டம் எது? அமெரிக்காவில் சட்டம் துரத்தியது. இங்கே சட்டம் அணைக்கிறது, ஊர் துரத்துகிறது. கண்காணாத இடம் செல்லாமல் சொந்த மண்ணிலேயே வாழத் துணிந்த இணையை, 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் பார்க்க வெட்டினார்கள். இளைஞர் மாண்டார், அவர் துணைவி காயங்களுடன் பிழைத்தார். ஆளைக் கொல்லும் அரிவாளும் ‘போய்விடு’ என்னும் அறிவுரையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அரிவாள் ஏந்துபவன் கேட்பதும் அதே வெற்றிடத்தைத்தான்: இந்த இணை இந்த ஊரில் கண்ணில் படக்கூடாது.

சென்ட்ரல் பாயின்ட் மக்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சட்டம் என்ன சொன்னபோதிலும், அச்சிற்றூரில் கறுப்பரும் வெள்ளையரும் செவ்விந்தியரும் நெடுங்காலம் கலந்தே பழகினார்கள். ரிச்சர்ட் கறுப்பு நண்பர்களோடு சேர்ந்து கார்ப் பந்தயம் விட்டவர். வழக்கு மேல்மன்றங்களில் ஏறிக்கொண்டிருந்த நாள்களில், தடையை மீறி, லவ்விங் குடும்பம் வர்ஜீனியாவுக்கே திரும்பி, பக்கத்து மாவட்டத்துப் பண்ணை வீடொன்றில் ஒளிந்து வாழ்ந்தது. பார்த்தவர்கள் இருந்தார்கள். அறிந்தவர்கள் இருந்தார்கள். ஷெரிப்பின் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். காட்டிக் கொடுத்தவர் இல்லை.

தீர்ப்பு வந்தபின் ரிச்சர்ட், ஊரார் வீடுகளுக்குச் செங்கல் அடுக்கிய அந்தக் கைகளாலேயே, சென்ட்ரல் பாயின்டில் தன் மனைவிக்கும் மக்களுக்கும் வெள்ளை நிற வீடொன்று கட்டினார். 1975இல், குடித்துவிட்டு ஒருவன் ஓட்டி வந்த கார் மோதி அவர் இறந்தார். அதே விபத்தில் மில்ட்ரெட் வலக்கண்ணை இழந்தார். 2008 மே மாதம் இறக்கும்வரை அவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார். வேறு மாநிலம் செல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை.